எட்டும் எட்டாததும்

காஞ்சி மாநகரில் விடியற்காலையில் நடந்து செல்வோர்க்குக் கோயில் மணியோசைக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது தறியோசை என்று பலரும் எழுதியுள்ளனர். அது மெய்யே. ஆயினும் அவ்விரண்டோடு மூன்றாவதாக ஓர் ஓசையும் இக்காலத்தில் உண்டு. அதனை எவரும் எழுதக் கண்டிலோம். அது சிறு மோட்டார் வண்டிகளின் ஓசை. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் பாவும் ஊடையும் வாங்கிவரக் கடைக்குச் செல்லுங்கால் மொபெட்டிற் செல்கின்றார். நெய்து முடித்த புடவையை மடித்து வெள்ளைத் துணியிற் சுற்றி, அதே வண்டியின் முன்புறத்தில் வைத்துக் காந்தி சாலைக்குக் கொண்டு சேர்க்கின்றார். முன்னாளில் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் சென்றவை இன்று பெட்ரோலின் வலியாற் செல்கின்றன. தறியில் அமர்வதற்கு எவரும் உரிமம் கேட்பதில்லை. வண்டியில் அமர்வதற்குக் கேட்பார்கள். அவ்வுரிமத்தைப் பெறுவது எங்ஙனம், பெற்றதனைக் காலந்தோறும் புதுப்பிப்பது எங்ஙனம், புதுப்பியாது விட்டால் விளைவது யாது என்பவற்றை 2024ஆம் ஆண்டில் நாம் அருகிருந்து அறிய நேர்ந்தது. அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

நம் வீட்டிற்கு மூன்றாம் வீட்டில் வாழும் நெசவாளர் ஒருவரை நாம் இளமை தொட்டு மாமா என்றே அழைத்து வருகின்றோம். உறவினால் அன்று, பழக்கத்தால். அவர் 2002ஆம் ஆண்டில், தமக்கு முப்பது வயது நிரம்பிய புதிதில் உரிமம் பெற்றார். பெற்ற சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு, வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டினார். அக்காலச் சட்டப்படி அவ்வுரிமம் இருபதாண்டுக்கோ, ஐம்பது வயது நிரம்பும் வரைக்கோ, இவற்றுள் எது முந்துமோ அதுவரையே செல்லும். அவர்க்கு இரண்டும் 2022இல் ஒருங்கே வந்து முடிந்தன. முடிந்ததை அவர் அறிந்திலர். ஈராண்டு கழித்து ஒரு நாள், மூங்கில் மண்டபத்தருகே வண்டிகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்த காவலர் சீட்டை வாங்கிப் பார்த்துக் கூறிய பின்னரே அறிந்தார். உரிமமின்றி ஓட்டுவோர்க்கு முன்னர் ஐந்நூறு ரூபாயாக இருந்த தண்டம் இப்போது ஐயாயிரம். பல நாட்கள் தறிக்குழியில் அமர்ந்து ஈட்டிய கூலியை அது ஒரே நொடியில் விழுங்கிவிட்டது.

அன்று மாலை நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தவர், “தம்பி, இருபது வருஷமாக ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. என் லைசென்சு செத்துப்போச்சு என்கிறார்கள். நான் சாகவில்லையே?” என்றார். நகைப்புக்குரிய வினாவாகத் தோன்றினும், பின்னர் எண்ணிப் பார்க்குங்கால் இப்பொருளின் சாரமெல்லாம் அவ்வொரு வினாவில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றிற்று. ஆள் உயிரோடிருக்க, உரிமத்துக்கு மட்டும் ஆயுள் முடிவதேன்?

தமிழ் பயில்வோராகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி தோன்றுதல் இயல்பு. அதனைப் பொறுத்தருளல் வேண்டும். ‘லைசென்சு’ என்னும் சொல், ‘செய்யத்தகும்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையின் வழிவந்தது. அதனை நாம் ‘உரிமம்’ என்று பெயர்த்துக்கொண்டோம். உரிமம் என்றவுடன் உரிமை நினைவுக்கு வருகின்றது. உரிமை என்றவுடன் பாட்டன் தேடிய நிலமும் தந்தை கட்டிய வீடும் நினைவுக்கு வருகின்றன. அதனாலேதான் நம்மவர் அதனைப் பட்டாவோடு சேர்த்துப் பூட்டி வைக்கின்றனர் போலும். சட்டமோ அதனை ஒரு காலவெல்லைக்குட்பட்ட இசைவு என்றே கருதுகின்றது. ‘இசைவுச் சீட்டு’ என்று முதலிலேயே பெயரிட்டிருந்தால் மாமா ஆண்டுக்கொரு முறையேனும் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார் என்பது நம் எண்ணம்.

இவ்விசைவின் வரலாறும் வியப்புடையதே. 1888ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் என்னும் ஜெர்மானியர் தாம் செய்த மோட்டார் வண்டியைத் தெருவில் ஓட்ட, அதன் இரைச்சலையும் நாற்றத்தையும் பொறாது ஊரார் முறையிட்டனராம். ஆகவே, அவர் அந்நாட்டு அதிகாரிகளிடம் எழுத்துவழி இசைவு பெற நேர்ந்தது. 1893இல் பாரிஸ் நகரில் ஓட்டுவோரைச் சோதித்துச் சீட்டளிக்கும் முறை பிறந்தது. இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. எனினும் ஐந்து ஷில்லிங் செலுத்தினவர்க்கெல்லாம் அது கிடைத்தது. ஓட்டத் தெரியுமா என்று கேட்பார் இல்லை. அங்கே தேர்வு கட்டாயமானது 1935இலேதான். நம் நாட்டில் 1914, 1939 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வழங்கி மறைந்தபின், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அது 2019இல் பெரிதும் திருத்தப்பட்டது. மாமாவை மடக்கியது அத்திருத்தமே.

நாமும் அவ்வமயம் பதினெட்டு வயது நிரம்பிப் புதிய உரிமத்துக்கு முயன்றுகொண்டிருந்தோம். ஆகவே புதிது பெறும் வழியை முதலிற் கூறுவோம்.

பொதுவிடத்தில் மோட்டார் வண்டி ஓட்டப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். ஐம்பது சி.சி.க்கு மேற்படாத பொறியுடைய இருசக்கர வண்டியைப் பெற்றோர் இசைவோடு பதினாறு வயதினர் ஓட்டலாம் என்று ஒரு விலக்கு உண்டு. இவ்விலக்கைப் பிடித்துக்கொண்டு பள்ளிச் சிறுவர் பலர் தந்தையார் மொபெட்டை எடுத்து ஓட்டுகின்றனர். நம் ஊரில் மிகுதியாகக் காணப்படும் மொபெட்டின் பொறியோ ஏறத்தாழ நூறு சி.சி. உடையது. ஆகவே அவ்விலக்கு ஏட்டில் உள்ளதேயன்றித் தெருவில் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் குற்றமிழைத்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் தண்டமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். அச்சிறுவன் இருபத்தைந்து வயது வரை உரிமம் பெற முடியாது. தம்பியரைக் கடைக்கு வண்டியில் அனுப்பும் தமையன்மார் இதனை ஒருகால் நினைப்பாராக.

முதற்படி பழகுநர் உரிமம். மக்கள் வழக்கில் எல்.எல்.ஆர். இதற்கு இணையவழி விண்ணப்பிக்கலாம். இயலாதோர்க்கு இ-சேவை மையங்கள் உள்ளன. மத்திய விதிகள் குறித்த கட்டணம் வண்டியின் வகையொன்றுக்கு 150 ரூபாயும் தேர்வுக்கு 50 ரூபாயுமே. மாநிலச் சேவைக் கட்டணம் சிறிது வேறாக உண்டு. அலுவலக வாயில்களில் நின்று ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்று முன்வரும் இடைத்தரகர் கேட்பது இதனினும் பன்மடங்கு. அவர் செய்வதெல்லாம் நாமே செய்யக்கூடிய படிவம் நிரப்புதல் ஒன்றே. எழுத்தறிந்த ஒருவர் தெருவுக்கு ஒருவராக இருந்தால் அத்தொழில் நலிந்துபோகும். பின்னர்ச் சாலைக் குறிகளும் விதிகளும் பற்றிய கணிப்பொறித் தேர்வு நடைபெறும். நூற்றுக்கு அறுபது விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. பழகுநர் உரிமம் ஆறு திங்கள் செல்லும். அதுகாறும் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையிற் சிவந்த ‘எல்’ எழுத்தைக் காட்டிக்கொண்டு, உரிமம் உடைய ஒருவர் துணையோடு பழகுதல் வேண்டும். முப்பது நாள் கழிந்த பின்னரே ஓட்டுந்தேர்வுக்குச் செல்லலாம்.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது படிவத்திலுள்ள உடல்நிலை வினாக்களே. நல்ல பகல் வெளிச்சத்தில் இருபத்தைந்து மீட்டர் தொலைவிலிருந்து ஒரு வண்டியின் எண்பலகையை ஒவ்வொரு கண்ணாலும் காண இயலுமா என்பது ஒன்று. கண்ணாடி அணிபவர் அணிந்தவாறே காணலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலுமா என்பது மற்றொன்று. இரண்டாம் வினாவை நாம் படித்துக் காட்டியபோது மாமா உரக்கச் சிரித்துவிட்டார். “அரக்குக்கும் குங்குமத்துக்கும், கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் விளக்கு வெளிச்சத்திலேயே வித்தியாசம் சொல்லுகிற கண்ணப்பா இது!” என்றார். நிறக்குறை உடையோர்க்கு இவ்வினா நெடுங்காலம் பெருந்தடையாக இருந்தது. 2020ஆம் ஆண்டில் படிவங்கள் திருத்தப்பெற்று, மிதமான நிறக்குறை உடையோரும் உரிமம் பெற வழி பிறந்தது. காது கேளாதோர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என 2011இல் டில்லி உயர்நீதிமன்றம் வழிகாட்டியதும் இவ்வகையினதே.

நாற்பது வயது கடந்தோர் தாமே உறுதிமொழி எழுதிக் கொடுத்தல் போதாது. மருத்துவர் சான்று வேண்டும். நிறத்தில் வென்ற மாமா தொலைவில் தோற்றார். மருத்துவர் காட்டிய எழுத்துக்களில் கீழ் வரிகள் இடக்கண்ணுக்குத் தெரியவில்லை. நாற்பதாண்டுக் காலம் ஒரு முழத் தொலைவிலுள்ள பட்டிழையையே உற்று நோக்கியவர். தொலைவிலுள்ளதைக் காண வேண்டிய நேரம் வண்டியோட்டும் நேரமன்றி அவர்க்கு வேறில்லை. பார்வை சிறுகச் சிறுகக் குறைந்தமையால் குறைந்ததையே அவர் உணரவில்லை. கண்ணாடி அணிந்து வெளியே வந்தவர் எதிரிலிருந்த வேப்பமரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இலை இலையாகத் தெரிகிறது தம்பி” என்றார். பின்னர் வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. இந்நிலையில் எத்தனை நாள் வண்டியோட்டினோம் என்று எண்ணியிருப்பார் போலும். நாமும் அதையே எண்ணினோம். அவ்வண்டியின் பின்னிருக்கையில் பன்முறை அமர்ந்து சென்றவர் நாம்.

தமிழகத்துச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 64,105 விபத்துக்கள் நேர்ந்தன. இந்தியாவிலேயே இதுதான் மிகுதி. அவற்றில் மாண்டோர் 17,884 பேர். இவ்வெண்களைச் செய்தித்தாளிற் படித்தபோது தோன்றாத அச்சம் அன்று அவ்வேப்பமரத்தின் கீழ்த் தோன்றிற்று.

ஆள் உயிரோடிருக்க உரிமத்துக்கு ஆயுள் ஏன் என்னும் வினாவுக்கு விடை இதுவே. கைப்பழக்கம் மறப்பதில்லை, கண்ணும் காதும் மாறுகின்றன. அதற்கேற்பவே சட்டம் கால அளவு வகுத்துள்ளது. முப்பது வயதுக்குட்பட்டவர்க்கு நாற்பது வயது நிரம்பும் வரையும், முப்பது முதல் ஐம்பதுக்குள் இருப்போர்க்குப் பத்தாண்டும், ஐம்பது முதல் ஐம்பத்தைந்துக்குள் இருப்போர்க்கு அறுபது வயது வரையும், அதற்கு மேற்பட்டோர்க்கு ஐந்தைந்து ஆண்டும் உரிமம் செல்லும். முதுமை நெருங்க நெருங்கத் தவணை குறுகுவதைக் காண்க.

புதுப்பித்தலில்தான் நம்மவர் தவறுகின்றனர். 2019க்கு முன்னர், காலம் முடிந்தபின் முப்பது நாள் வரை அவ்வுரிமம் உயிரோடிருப்பதாகவே கருதப்பட்டது. ஐந்தாண்டு கடந்தால் மட்டுமே மறுதேர்வு கேட்கப்பட்டது. திருத்தம் இவ்விரு சலுகைகளையும் மாற்றியது. முப்பது நாள் கருணை அறவே நீங்கிற்று. காலம் முடிந்த மறுநாளே ஓட்டுபவர் உரிமமற்றவர் ஆவார். ஐந்தாண்டு என்பது ஓராண்டாயிற்று. அதற்கு ஈடாக ஒரு வசதி தரப்பட்டது: முன்னதாகவே, காலம் முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே புதுப்பித்துக்கொள்ளலாம். 2021இல் வந்த அறிவிக்கையால், தேர்வு வேண்டாத புதுப்பித்தல் உள்ளிட்ட பதினெட்டுச் சேவைகளை ஆதார் வழி மெய்ப்பித்து இணையத்திலேயே பெறவும் இடமுண்டாயிற்று. பழைய சலுகையை நினைவில் வைத்துப் புதிய வசதியை அறியாதிருப்பவரே மிகப் பலர். மாமா ஈராண்டு கடந்தமையால் மீண்டும் ஓட்டிக்காட்ட வேண்டியவரானார்.

தண்டத்தினும் பெரிய இடர் ஒன்று உண்டு. உரிமம் இறந்துபட்ட நிலையில் ஓட்டி எவரேனும் காயமுற்றால், காப்பீட்டுக் கழகம் ‘ஓட்டியவர்க்கு முறையான உரிமம் இல்லை’ என்று வழக்காடும். உச்சநீதிமன்றம் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் வகுத்த வழியில், கழகம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டி உரிமையாளரிடம் அதனை மீட்டுக்கொள்ளுமாறு மன்றங்கள் பணிப்பதுண்டு. பல இலக்கம் ரூபாயைத் தறியொன்றும் கூரையொன்றும் உடைய குடும்பம் எங்ஙனம் கொடுக்கும்?

இனி, பிழைப்பின் பொருட்டு உரிமம் தேடுவோரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பயணிகளையும் சரக்கையும் ஏற்றும் போக்குவரத்து வண்டிக்கு இருபது வயது நிரம்பியிருத்தலும், இலகுரக வண்டி உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருத்தலும் விதி. அவ்வுரிமம் ஐந்தாண்டே செல்லும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் எட்டாம் விதி, இத்தகைய உரிமம் வேண்டுவோர் எட்டாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும் என்று கூறிற்று. பிற ஊர்களில் இவ்விதி எத்தகையதோ அறியோம். காஞ்சியில் அது கொடியதாயிருந்தது. கோர்வைப் புடவையில் கரை நிறம் வேறு, உடல் நிறம் வேறு. கரைக்குரிய நாடாவை வீசத் தறியின் ஓரத்தில் ஒரு துணையாள் வேண்டும். முன்னாளில் அவ்விடத்தில் அமர்ந்தவர் பெரும்பாலும் வீட்டுச் சிறுவரே. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறியோரம் அமர்ந்தவர், வளர்ந்தபின் நெசவு நலிந்து ஆட்டோ ஓட்டலாம் என்று எண்ணியபோது எட்டாம் விதி வழிமறித்தது. எந்தத் தறிக்காகப் படிப்பை விட்டாரோ அந்தத் தறியை விட்டு வெளியேறவும் படிப்பே தடையாயிற்று. 2019இல் அவ்விதி நீக்கப்பட்டது. எட்டாதது எட்டிற்று. ஆனால் அதற்குள் வயது கடந்துபோனவரையும் நம் தெருவில் காணலாம்.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம் மற்றொரு முடிச்சையும் அவிழ்த்தது. 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வண்டியை ஓட்ட, இலகுரக வண்டி உரிமமே போதும், தனிக் குறிப்பு வேண்டா என்பது அதன் தீர்ப்பு. பட்டு நூலும் புடவைக் கட்டும் ஏற்றிச் செல்லும் சிறு வண்டியோட்டிகள், விபத்து நேர்ந்தபின் ‘உன் உரிமம் வேறு வகை’ என்று காப்பீட்டாளர் கைவிரிப்பரோ என இனி அஞ்ச வேண்டுவதில்லை.

தேர்வு நாளுக்கு வருவோம். நாமும் மாமாவும் ஒரே காலைப்பொழுதில் திடலில் நின்றோம். இருசக்கர வண்டிக்குரிய தேர்வை ஊரார் ‘எட்டுப் போடுதல்’ என்பர். எண் எட்டின் வடிவில் வரைந்த பாதையில் காலூன்றாது ஓட்டுதல் வேண்டும். இத்தேர்வைப் பற்றி நமக்கு ஒரு குறையுண்டு. எட்டுப் போட வல்லவர் கருட சேவையன்று இராசவீதியில் மக்கட் கூட்டத்திடையே வண்டியோட்ட வல்லவராதல் உறுதியன்று. சமநிலையை அது சோதிக்கின்றது, பொறுமையைச் சோதிப்பதில்லை. இவ்வாறு குறை கூறுவோர் அதில் நன்கு தேறியவராயிருத்தல் அழகு. நாமோ எட்டின் இடுப்புப் பகுதியில் இடக்காலைத் தரையில் ஊன்றித் தோற்றோம். நமக்குப் பின் வந்த மாமா, புதுக் கண்ணாடியோடு, நாடா பாவினூடே செல்வதுபோல் ஓசையின்றிச் சென்று மீண்டார். கூடியிருந்த இளைஞர் கைதட்டினர். தோற்றவர் ஏழு நாள் கழித்து மீண்டும் முயலலாம். மூன்று முறை தோற்றால் அறுபது நாள் காத்திருத்தல் வேண்டும். அவ்வேழு நாளும் மாலைதோறும் மாமாவே நமக்கு எட்டுக் கற்பித்தார். “முன்சக்கரத்தைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார்” என்பதே அவர் சொன்னது. இரண்டாம் முறை தேறினோம்.

அட்டைகள் அஞ்சலில் வந்தன. நம் அட்டை நமக்கு நாற்பது வயது நிரம்பும் வரை செல்லும்; இருபதாண்டுக்கு மேற்பட்ட அக்காலம் இப்போது முடிவற்றதாகத் தோன்றுகின்றது, மாமாவுக்கு 2002இல் தோன்றியது போல. அவர் தம் அட்டையைக் கையில் வாங்கியவுடன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிவு நாளைத் தேடினார். 2032. எழுந்து உள்ளே சென்று, தறிக்குழிக்கு மேலுள்ள சுவரில், பாவுக் கணக்கு எழுதும் இடத்துக்கு அருகே, அந்நாளைப் பெரிய எழுத்தில் எழுதினார். சிறிது நின்று பார்த்துவிட்டு, அதனை அடித்து, 2031 என்று திருத்தி எழுதினார்.